குஞ்சுக் கிளிக்கு நிறம் மாறுகிறதா? முதலில் அது பழைய இறகா, புது இறகா என்று பாருங்கள்

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி செருப்பு டப்பாவில் பட்ஜிக் குஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தான். டப்பா மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள். "அக்கா, வாங்கறப்ப நெத்தி ஃபுல்லா கோடு இருந்திச்சு. இப்ப மஞ்சளா பூடுச்சுக்கா. காமாலையாக்கா?" என்றான். ராத்திரி தூங்காத முகம். குஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றரை மாதம் இருக்கும். குஞ்சு இறகு கொட்டி பெரிய இறகு வருகிறது, வேறொன்றுமில்லை. அதைச் சொன்னதும் அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். பச்சைக் குஞ்சில் அங்கங்கே மஞ்சள் இறகு வருவதைப் பார்த்து "புது கலர் வருது" என்று சந்தோஷப்பட்ட ஒரு வீட்டில், மூன்று மாதத்துக்குள் கூண்டே காலியானது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை மொட்டை மாடியில் பட்ஜியும், காக்டெய்ல் என்ற கொண்டைக் கிளியும் வளர்த்துக் கற்றதை எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். நம் பக்கம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜியைத்தான். நிஜமான லவ்பேர்டை 'ஆப்பிரிக்கன்' என்கிறோம். கீழே பட்ஜி என்றால் பட்ஜி, ஆப்பிரிக்கன் என்றால் லவ்பேர்ட்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

முழுதாக வளர்ந்து முடிந்த இறகு நம் நகம் மாதிரி. அதற்குள் ரத்தம் ஓடாது. உடம்புக்குள் என்ன நடந்தாலும் அந்த இறகின் நிறத்தை மாற்ற முடியாது. வெளியிலிருந்து அழுக்கோ, சாயமோ, எண்ணெயோ, தேய்மானமோதான் மாற்றும். உடம்புக்குள் கோளாறு என்றால், அது இனிமேல் முளைக்கும் இறகில்தான் தெரியும்.

அதனால் கேள்வி ஒன்றுதான்: நிறம் மாறியது ஏற்கெனவே இருந்த இறகா, புதிதாக முளைத்த இறகா?

காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெல்லிய துண்டில் குஞ்சைப் பிடித்து, நெஞ்சை அழுத்தாமல் அந்த இடத்து இறகை ஊதி விலக்குங்கள். பறவைக்கு மூச்சு நெஞ்சு விரிந்து சுருங்குவதில்தான் இருக்கிறது, அங்கே இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டும். அடியில் வெள்ளை உறையோடு முள்ளு முள்ளாகத் தெரிந்தால் அங்கே புது இறகு வருகிறது. முள் எதுவும் இல்லாமல், இறகு முழுசாக விரிந்து, நுனி மட்டும் நிறம் மாறியிருந்தால் அது பழைய இறகு.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். கிளியின் பச்சை ஒற்றைச் சாயம் கிடையாது. இறகில் இருப்பது மஞ்சள் சாயம். அதன் உள்ளே நுண்ணிய நுரை போன்ற ஓர் அமைப்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதற்கும் அடியில் மெலனின் என்ற கருப்புச் சாயம். மஞ்சளும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. கீழே விழுந்த ஒரு நீல இறகை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நீலம் மறைந்து பழுப்பாகத் தெரியும். நீலச் சாயம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை.

இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். பச்சையிலிருந்து மஞ்சள் போனால் நீலம் மிஞ்சும். மெலனின் போனால் மஞ்சள் மிஞ்சும். இரண்டும் போனால் வெள்ளை.

நெற்றிக் கோடு மறைகிறது, முகம் நிறம் ஏறுகிறது, வால் மாறுகிறது

பயப்பட வேண்டாம், வயது. பட்ஜிக் குஞ்சுக்கு மூக்கிலிருந்து உச்சந்தலை வரை கருப்புக் கோடு இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் முறை இறகு கொட்டும்போது கோடு பின்னால் போய், பச்சை வகைக்கு மஞ்சள் நெற்றியும் நீல வகைக்கு வெள்ளை நெற்றியும் வரும். ஆப்பிரிக்கனில் பீச் முக வகைக் குஞ்சுக்கு முகம் மங்கலாக, அலகின் அடியில் கருப்புப் பூசியது போல இருக்கும். மாதங்கள் போகப் போகத் தெளியும். சாம்பல் காக்டெய்ல் குஞ்சு ஆணானாலும் பெண்ணானாலும் தாய் மாதிரியேதான் இருக்கும். ஆறு மாதம் தாண்டி இறகு மாறும்போதுதான் ஆணுக்கு முகம் மஞ்சளாகி, வாலின் அடியில் உள்ள வரி மறையும்.

சன் கன்யூர் வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாந்ததாக நினைக்கிறார்கள். "போட்டோல ஆரஞ்சா இருந்திச்சு, குடுத்தது பச்சைக்கிளி" என்று ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். குஞ்சில் அது பச்சை கலந்துதான் இருக்கும். முழு ஆரஞ்சு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். ஆனால் வேறொன்றை அவரிடம் கேட்டேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்: சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே (இது லவ்பேர்ட் இல்லை, சாம்பல் நிறப் பெரிய கிளி) போன்ற வெளிநாட்டு இனங்களை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் அது தேவையில்லை.

தாய் தகப்பன் இரண்டும் பச்சை, குஞ்சு மட்டும் நீலம் அல்லது மஞ்சள்

முட்டையிட வைத்த பானையிலிருந்து எட்டிப் பார்க்கும்போதே அந்த நிறத்தில் இருந்து, இறகு வழுவழுப்பாக, குஞ்சு சுறுசுறுப்பாக இருந்தால் அது பிறவி நிறம். நீலம் மறைந்து வரும் குணம். வெளியே பச்சையாக இருக்கும் ஆணும் பெண்ணும் இரண்டுமே நீலத்தை உள்ளே வைத்திருந்தால் (வளர்ப்பவர்கள் ஸ்பிலிட் என்பார்கள்) நான்கில் ஒரு குஞ்சு நீலமாகப் பிறக்க வாய்ப்பு. பட்ஜியில் இந்த மஞ்சளைத் தயாரிக்கும் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் காரணம் என்று 2017இல் கண்டுபிடித்தார்கள்.

சிவப்புக் கண்ணோடு முழு மஞ்சளாக வந்தால் லூட்டினோ. பட்ஜி, காக்டெய்ல், பீச் முக ஆப்பிரிக்கன் மூன்றிலும் இது பாலினத்தோடு ஒட்டி வரும். பச்சைப் பெண்ணுக்கு லூட்டினோ குஞ்சு பிறந்தால், குணத்தைக் கொடுத்தது ஆண், குஞ்சு பெண். பறவை சிறகு முளைக்கும் முன்பே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறது.

லூட்டினோ காக்டெய்லுக்குக் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை இருந்தால் அதுவும் பிறவிதான், மருந்து போடாதீர்கள்.

பிறவித் திட்டுக்கும் நோய்த் திட்டுக்கும் வித்தியாசம்: பிறவித் திட்டு முதல் இறகிலேயே இருக்கும், இடம் மாறாது, பெருகாது.

தண்ணீர் பட்டால் நிறம் வருகிறது, அல்லது இரண்டே நாளில் நிறம் வெளுக்கிறது

சாயம். திருவிழாவில் கோழிக்குஞ்சுக்கு ரோஸ் கலர் போடுவார்களே, அதே வேலை. சந்தையில் வாங்கியது என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் இறகு போகும் திசையில் தடவிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறாவிட்டாலும் காலும் நகமும் அலகின் ஓரமும் அதே நிறத்தில் இருந்தால் சந்தேகமில்லை. இறகை விலக்கினால் சாயம் இறங்காத அடிப்பகுதி வேறு நிறமாக இருக்கும்.

ஷாம்பு, மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதையும் தொடாதீர்கள். குஞ்சு அலகால் இறகைக் கோதிக்கொண்டே இருக்கும், அத்தனையும் வயிற்றுக்குள் போகும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து அதுவே குளிக்கட்டும். மிச்சம் அடுத்த இறகு உதிர்ப்பில் போய்விடும்.

வீட்டிலேயே ஏறும் சாயமும் உண்டு. பீட்ரூட்டும் மாதுளையும் கன்னத்தைச் சிவப்பாக்கும். காயத்துக்கு மஞ்சள் தூள் வைத்துவிட்டு, நான்கு நாள் கழித்து மஞ்சள் இறகு வருகிறதே என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். கூண்டில் விரித்த செய்தித்தாளின் மை லூட்டினோவின் வயிற்றைச் சாம்பலாக்கும்.

தோளில் சிவப்புத் தடவி, "மலைக்கிளிக் குஞ்சு" என்று சாதாரணப் பச்சைக்கிளிக் குஞ்சை விற்பதும் நடக்கிறது. அது சிவப்போ பச்சையோ, நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டம் அனுமதிப்பதில்லை. கைக்கு வந்துவிட்டால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பரிதாபப்பட்டு வாங்கினாலும் அடுத்த கூட்டை உடைக்கப் பணம் கொடுத்தது போலத்தான் ஆகும்.

பச்சை கறுத்துப்போகிறது

வடசென்னையில் இதற்கு முதல் சந்தேகம் காற்று. மணலி, எண்ணூர் பக்கமும் கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றியும் மாடியில் காயும் வெள்ளைத் துணி சாயங்காலம் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கூண்டில் உள்ள இறகுக்கும் அதே கதி.

கீழே விழுந்த கறுத்த இறகு ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு அலசி, நிழலில் காய வையுங்கள். பச்சை திரும்பினால் அழுக்குதான். சோதனை உதிர்ந்த இறகில் மட்டும், குஞ்சுக்குச் சோப்பு வேண்டாம். கூண்டை உள்ளே நகர்த்தி, தினமும் குளிக்கத் தண்ணீர் வைத்தால் போதும்.

தலையிலும் முதுகிலும் மட்டும் கறுத்திருந்தால் உங்கள் கையைப் பாருங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு தினமும் தடவிக் கொடுத்தால் அந்த இடத்து இறகு ஒட்டிக் கறுக்கும். எண்ணெய் பார்ப்பதற்கு அசிங்கம் என்பதோடு முடிவதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் கறுத்த இறகோடு நின்றதைப் படத்தில் பார்த்தோம். எண்ணெய் ஏறிய இறகு நீரையும் குளிரையும் தடுக்காது. சிலர் "இறகு மின்னும்" என்று வேண்டுமென்றே எண்ணெய் தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அலசியும் கறுப்பு போகவில்லை, புதிதாக வரும் இறகும் கறுப்பாக வருகிறது என்றால் உள்ளே பிரச்சினை. உணவும் கல்லீரலும் முதலில் பார்க்க வேண்டியவை. மருத்துவர்.

இறகின் குறுக்கே கோடு

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர், நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது கையால் ஊட்டிக்கொண்டிருந்த மூன்று காக்டெய்ல் குஞ்சுகள் என்னிடம் இருந்தன, வாலில் இறகு பாதி முளைத்த பருவம். கேஸ் தீர்ந்து, மெழுகுவர்த்தியில் தண்ணீர் சூடாக்கிக் கூழ் கரைத்தேன். வேளை தவறியது. ஒரு ராத்திரி ஊட்டவே முடியவில்லை. குஞ்சுகள் மூன்றும் பிழைத்தன. ஜனவரியில் வால் முழுதாக விரிந்தபோது பார்த்தேன்: மூன்று குஞ்சுக்கும், வாலின் ஒவ்வொரு இறகிலும், ஊசியால் கீறியது போல ஒரு வெளிறிய கோடு. ஒரே உயரத்தில், ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. அந்த ராத்திரி அங்கே எழுதியிருந்தது.

இறகு முளைக்கும் நாளில் குஞ்சு பட்டினி கிடந்தாலோ, குளிரில் நடுங்கினாலோ, காய்ச்சலில் இருந்தாலோ, மிரண்டாலோ அன்று வளர்ந்த அந்த ஒரு நூல் அளவு பலவீனமாகி, நிறம் குன்றும். ஸ்டீராய்டு மருந்தும் இதைச் செய்யும். எல்லா இறகிலும் ஒரே இடத்தில் ஒரே கோடு என்றால் நடந்து முடிந்த ஒரு சம்பவம். சிகிச்சை வேண்டாம், அடுத்த உதிர்ப்பில் போகும். அது வரை அந்த இடத்தில் இறகு ஒடியலாம்.

ஏணிப்படி மாதிரி கோடு கோடாக இருந்தால் கஷ்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கூழின் சூட்டை விரலால் பார்க்காமல் தெர்மாமீட்டரால் பாருங்கள். 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். ஆறினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தேங்கும், அதிகம் சூடானால் தீனிப்பை வெந்துபோகும். வேளை, கூழின் கெட்டி, பூனை வந்து எட்டிப் பார்க்கிறதா, ராத்திரி விளக்கு எரிகிறதா எல்லாவற்றையும் ஒரு வாரம் எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலான வீடுகளில் காரணம் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடுகிறது.

எல்லா நிறமும் மங்கல், பொலிவே இல்லை

தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் போட்டு வளர்த்த குஞ்சு இப்படித்தான் இருக்கும். விதையில் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் மிகக் குறைவு. மூக்கடைப்பு, வாய்க்குள் வெள்ளைப் படலம் சேர்ந்தே வரும். முருங்கைக்கீரை, பரங்கிக்காய், கேரட், பப்பாளி தினமும் கொஞ்சம் கொடுங்கள். காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்குக் கணவாய் ஓடு சுலபமாகக் கிடைக்கும். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, உப்பு போக அலசி, வெயிலில் காய வைத்துக் கூண்டில் கட்டுங்கள். வெங்காயம், சாக்லேட், அவகாடோ கூடவே கூடாது.

காலை இளவெயில் அரை மணி நேரம், கூண்டில் பாதி நிழலாக. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் அந்தப் பலனைத் தராது.

கேரட் கொடுத்தால் கிளி சிவக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். பூநாரை தின்னும் உணவிலிருந்துதான் நிறம் எடுக்கிறது. கிளி அப்படி இல்லை, தன் மஞ்சளையும் சிவப்பையும் இறகு முளைக்கும் இடத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. நல்ல உணவு இறகைத் திடமாக்கும், நிறத்தை வேறாக்காது.

பச்சையில் புதிதாக மஞ்சள் இறகு

ஒன்றிரண்டு என்றால், அந்த இடத்தில் காயம் பட்டதா, இறகு பிடுங்கப்பட்டதா என்று யோசியுங்கள். வேர் காயப்பட்டால் மெலனின் இல்லாமல் இறகு முளைக்கும். அடுத்த முட்டைக்கு அவசரப்படும் தாய், பானைக்குள்ளேயே குஞ்சின் முதுகை மொட்டையாக்குவதும் உண்டு.

ஒவ்வொரு உதிர்ப்பிலும் மஞ்சள் கூடிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். கூடவே அலகு நீளமாக வளர்வது, எச்சத்தின் வெள்ளைப் பகுதி பச்சையாக மாறுவது இருந்தால் கல்லீரல். இல்லாவிட்டால் அடுத்த தலைப்பில் உள்ளதைச் சந்தேகப்பட வேண்டும். ஆப்பிரிக்கன் கிரே குஞ்சின் சாம்பல் உடம்பில் சிவப்பு இறகு புதிதாக வந்தாலும் அப்படித்தான். அது பிறவியாகவும் இருக்கலாம், இதே நோயாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நிறம் மாறுவதோடு இறகே கோணலாக வருகிறது

இங்கேதான் நிஜமாகப் பயப்பட வேண்டும். உறை கழலாமல் குச்சி மாதிரி நிற்கும் இறகு, தண்டுக்குள் காய்ந்த ரத்தம், அடியில் கிள்ளிவிட்டது போல ஒடுங்கிய தண்டு, சுருண்ட நுனி. வழுக்கை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இது கிளிகளின் அலகு இறகு நோய், சர்கோவைரஸால் வருவது. பிபிஎஃப்டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மூன்று வயதுக்குள் உள்ளவற்றைத்தான் அதிகம் தாக்கும். நான் தொடக்கத்தில் சொன்ன வீட்டில் நடந்தது இதுதான். மஞ்சள் இறகைப் புது கலர் என்று நினைத்து அந்தக் குஞ்சை நல்ல ஜோடிகளோடு விட்டார்கள்.

பட்ஜிக் குஞ்சு பானையை விட்டு வரும் வயதில் இறக்கையின் பெரிய இறகும் வாலும் விழுந்து, பறக்காமல் ஓடிக்கொண்டே திரிந்தால் அது பிரெஞ்சு மோல்ட். காரணம் பாலியோமா வைரஸாகவோ இதே சர்கோவைரஸாகவோ இருக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது: அந்தக் குஞ்சை வேறு அறைக்கு மாற்றுங்கள், அடுத்த கூண்டுக்கு மாற்றினால் போதாது. வைரஸ் இறகுத் தூசியிலும் எச்சத்திலும் பரவும், நெடுநாள் சாகாமல் இருக்கும். நல்ல பறவைகளுக்கு முதலில் தீனி போட்டு, நோய்ப் பறவையைக் கடைசியில் கவனித்து, கையைக் கழுவி உடையை மாற்றுங்கள். வேறு வீட்டு மாடிக்குப் போகாதீர்கள். முடிவு தெரியும் வரை ஒரு பறவையையும் விற்காதீர்கள், மாற்றிக்கொள்ளாதீர்கள். பக்கத்து மாடிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், மறைப்பதால்தான் தெரு முழுக்கப் பரவுகிறது. மனிதருக்கு இது ஒட்டாது.

ரத்தத்திலும் இறகிலும் பிசிஆர் பரிசோதனை செய்துதான் உறுதி செய்வார்கள். அறிகுறியே இல்லாத பறவைக்குப் பாசிட்டிவ் வந்தால் 90 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், சில பறவைகள் தாமே வைரஸை வென்றுவிடும். அந்த மறுசோதனைக்கு முன் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது

நம் பக்கத்துக்கு அருகில் இருப்பது வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. காலையிலேயே கிளம்பிவிடுங்கள். செருப்பு டப்பா வேண்டாம், சின்னக் கூண்டைப் பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போனால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூண்டின் அடித் தாளை அன்று மாற்றாதீர்கள், எச்சத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால், அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கிளி வளர்ப்பதைச் சொல்லுங்கள். நிறத்துக்குச் சம்பந்தமில்லாத சிட்டகோசிஸ் என்ற நோய் கிளியிடமிருந்து மனிதருக்கு வரும்.

உதிர்ந்த இறகுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். காகித உறையில் போட்டு, எந்தத் தேதியில் எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று மேலே எழுதுங்கள். முடிந்தால் வாரம் ஒரு முறை, அதே ஜன்னல், அதே நேரம், முதுகும் விரித்த இறக்கையுமாக ஒரு போட்டோ. நான்கு வாரப் படங்களை வரிசையாக வைத்தால், மாறியது பழைய இறகா புது இறகா என்று மருத்துவர் கேட்கும் முன்பே நீங்கள் காட்டிவிடலாம்.